சத்தமில்லாத பேட்டும் நெருப்பு மரமும்: பென்ஹோல்ட் பிளேடின் கதை

இன்னைக்கு எபிசோடு டேபிள் டென்னிஸ் பிளேடு பற்றி. பிளேடு போட மாட்டேன், பயப்படாதீங்க. ரப்பர் ஒட்டாத வெறும் மரப்பலகை, அதோட கைப்பிடி, ரெண்டும் சேர்ந்ததைத்தான் ஆட்டக்காரங்க பிளேடுன்னு சொல்றாங்க. அந்தப் பலகையோட வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம நாட்டிலேயே நடந்தது. அங்கிருந்து தொடங்கலாம்.

பம்பாய், 1952

1952 பிப்ரவரி. உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப் முதல்முறையாக ஆசியாவுக்கு வருகிறது. இடம் பம்பாய். ஜப்பான் அந்தப் போட்டியில் கலந்துகொள்வதும் அதுதான் முதல்முறை. அந்த அணியில் ஹிரோஜி சாட்டோன்னு ஒருத்தர். கண்ணாடி போட்ட, சின்ன உருவம். அவர் ஜெயிப்பார்னு யாரும் எதிர்பார்க்கவில்லை.

அன்றைய பேட் எப்படி இருக்கும்? மரத்தின் மேல் மெல்லிய ரப்பர், அதில் புள்ளி புள்ளியாகக் குமிழ்கள். பந்து பட்டால் 'டொக்'குன்னு கேட்கும். எதிராளி எவ்வளவு வேகமா அடிச்சார்னு கண்ணோடு சேர்ந்து காதும் சொல்லும். சாட்டோவோட பேட்டில் அந்த ரப்பரே இல்லை. மரத்தின் மேல் தடியான ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். சத்தம் வராது, ஆனா பந்து வரும். அமெரிக்காவின் மார்ட்டி ரைஸ்மன் போன்ற பெரிய ஆட்டக்காரரே அவரிடம் தோற்றார். இறுதி ஆட்டத்தில் ஹங்கேரியின் ஜோசப் கோசியானை வென்று சாட்டோ உலக சாம்பியன் ஆனார். ஆடவர் ஒற்றையரில் அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் ஆசியர் அவர்தான். ஜப்பான் அணி மொத்தமாக 4 பட்டங்களோடு ஊர் திரும்பியது.

ஸ்பாஞ்ச் பற்றிய சண்டை பல வருஷம் ஓடியது. கடைசியில் 1959ல் சர்வதேச சம்மேளனம் ஒரு முடிவுக்கு வந்தது: வெறும் ஸ்பாஞ்ச் கூடாது, ஸ்பாஞ்ச் மேல் குமிழ் ரப்பர் சேர்த்து ஒட்டலாம், ஆனா மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இன்னைக்கு நம்ம கையில் இருக்கிற பேட் அந்த முடிவோட வாரிசு.

எல்லாரும் ஸ்பாஞ்சையே பார்த்தார்கள். சாட்டோவோட கையையும் கொஞ்சம் பாருங்க. பேனா பிடிக்கிற மாதிரி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்பக்கம், மற்ற மூணு விரல் பின்பக்கம். இதுதான் பென்ஹோல்ட். 1954 முதல் 1965 வரை நடந்த 8 உலக சாம்பியன்ஷிப்பிலும் ஆடவர் ஒற்றையர் பட்டம் பென்ஹோல்ட் ஆட்டக்காரர்களுக்கே போனது. ஜப்பானின் ஒகிமுரா, தனாகா ஆளுக்கு ரெண்டு, சீனாவின் ரோங் குவோதுவான் ஒண்ணு, ஜுவாங் செதோங் தொடர்ந்து மூணு. 1959ல் ரோங் ஜெயிச்சது, எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலக சாம்பியன் பட்டம்.

சிவகாசியிலிருந்து ஒரு கேள்வி

இந்தக் கதையை இப்போ எடுக்கக் காரணம், சிவகாசியிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வி. அச்சகத்தில் வேலை பார்க்கிற தம்பி. வேலை முடிஞ்சு சாயங்காலம் ஆடுகிறார். ஒரு வருஷமா பென்ஹோல்ட். கூட ஆடுகிற எல்லாரும் ஷேக்ஹேண்ட், அதாவது கைகுலுக்குற மாதிரி பிடிக்கிறவங்க. சம்பளத்தில் சேர்த்த காசில் முதல்முறையாக நல்ல பிளேடு வாங்கணும். பக்கத்தில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கக் கடை இல்லை, ஆன்லைன்தான். ஜப்பான் ரகமா, சீன ரகமா? தப்பா வாங்கினா இன்னொண்ணு வாங்க ஒரு வருஷம் ஆகும்.

அவர் தனியா நிற்பதில் ஆச்சரியம் இல்லை. தமிழ்நாடு கொடுத்த சரத் கமல், சத்தியன் இருவருமே ஷேக்ஹேண்ட். நம்ம ஊர்ப் பயிற்சி முழுக்க அந்தப் பிடியைச் சுற்றியே வளர்ந்தது. அதனால் இந்தக் கேள்விக்குப் பக்கத்து டேபிளில் பதில் கிடைக்காது. வரலாற்றிடம் கேட்கலாம்.

ரெண்டு பலகை, ரெண்டு வாழ்க்கை

ஜப்பான் ரகம் செவ்வகமாக, நீளமாக இருக்கும். ஆள்காட்டி விரல் கொக்கி போட்டுப் பிடிக்க வசதியாக, கைப்பிடியில் ஒரு பக்கம் கார்க் துருத்திக்கொண்டு நிற்கும். நல்ல பலகை என்றால் ஒரே துண்டு ஹினோகி மரம், 9, 10 மில்லிமீட்டர் தடிமன். சீன ரகம் தலை வட்டமாக, கைப்பிடி குட்டையாக இருக்கும். பார்த்தால் ஷேக்ஹேண்ட் பேட்டின் கைப்பிடியை நறுக்கிவிட்ட மாதிரி தெரியும். பெரும்பாலும் 5 அடுக்கு மரம், சுமார் 6 மில்லிமீட்டர்.

இந்த வித்தியாசம் அழகுக்காக வந்தது இல்லை. ஜப்பான்காரர்களும் பிறகு கொரியர்களும் டேபிளை விட்டுத் தள்ளி நின்று, எந்தப் பந்து வந்தாலும் ஓடிப்போய் ஃபோர்ஹேண்டில் அடிக்கிற ஆட்டத்தை வளர்த்தார்கள். நீளமான தலையில் எடை முனையில் இருக்கும். வீச்சுக்கு வேகம் கூடும். பின்பக்கம் ரப்பர் ஒட்டவே மாட்டார்கள். சீனர்கள் டேபிளை ஒட்டி நின்று, பந்து எழும்போதே தடுத்து அடித்தார்கள். அதுக்குச் சின்னத் தலை, சட்டுனு திரும்புகிற மணிக்கட்டு வேணும். அந்த ஆட்டத்தையும் இந்தியா நேரில் பார்த்திருக்கிறது. 1987ல் டெல்லியில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஜியாங் ஜியாலியாங் சீன பென்ஹோல்ட் ஆடி, ஸ்வீடனின் வால்ட்னரை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்.

ஆக, ரெண்டு பலகையில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறது, எங்கே நிற்கப் போறோம், எவ்வளவு ஓடப் போறோம் என்பதைத் தேர்ந்தெடுக்கிறது.

நெருப்பு மரம்

ஹினோகி என்பது ஜப்பானில் வளரும் ஒருவகை சைப்ரஸ். 7ஆம் நூற்றாண்டில் எழுந்த ஹோர்யூஜி கோயில் இந்த மரத்தில் கட்டியதுதான். அந்தப் பேருக்கு 'நெருப்பு மரம்' என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அதைக் கடைந்து தீ மூட்டினார்களாம். சிவகாசிக்காரருக்கு இந்தப் பேர் பிடிக்கும்னு நினைக்கிறேன்.

1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஊர்க்காரர்களுக்கு மரத்தோட குணமும் தெரியும். தீக்குச்சிக்கு மரத்தை என்ன பண்றாங்க? உருட்டிச் சீவி மெல்லிய தகடாக எடுத்து, பிறகு நார் ஓடுற வாக்கில் குச்சியா நறுக்குறாங்க. நார் வாக்கில் மரம் சுலபமாகப் பிளக்கும். ஒற்றை மரத்தில் செய்த ஹினோகி பிளேடுக்கும் அதே குணம்தான். நார் மேலிருந்து கீழே நேரா ஓடும். அடிக்கும்போது மென்மையா பந்தைப் பிடித்து அனுப்பும், அந்த உணர்வுக்கு ஈடு கிடையாது. ஆனா டேபிள் விளிம்பில் ஒரு தடவை பலமா இடிச்சா விரிசல் நேர்கோட்டில் ஓடும்.

5 அடுக்குப் பலகையில் ஒரு அடுக்கின் நார் நீளவாக்கில் ஓடினா, அடுத்தது குறுக்கே ஓடும். ஒண்ணு பிளக்கப் போனா இன்னொண்ணு பிடிச்சுக்கும். அதனால் அடி தாங்கும். புதுசா கத்துக்கிறவங்க டேபிளில் இடிக்காம ஆட முடியாது. ஒரே ஒரு பிளேடு வாங்க முடிகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பின்பக்கம் விழித்த கதை

பென்ஹோல்டின் பழைய பலவீனம் பேக்ஹேண்ட். ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் ஒரே பக்கத்தைத்தான் பயன்படுத்தினார்கள். பேக்ஹேண்டில் தடுக்கலாம், தள்ளலாம். சுழற்றி அடிக்கக் கை வளையாது. ஷேக்ஹேண்டில் ரெண்டு பக்கமும் சுழற்றி அடிக்கிற ஐரோப்பியர்கள் வளர்ந்தபோது, இந்தப் பிடியின் காலம் முடிஞ்சதுன்னு பலர் எழுதினார்கள்.

1990களில் சீனாவில் ஒரு மாற்றம் வந்தது. பலகையின் பின்பக்கமும் ரப்பர் ஒட்டி, மணிக்கட்டைத் திருப்பி, அந்தப் பின்பக்கத்தால் பேக்ஹேண்ட் அடித்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற லியு குவோலியாங் இதை உலக மேடைக்குக் கொண்டுவந்தவர். அவருக்குப் பின் வந்த வாங் ஹாவ் பேக்ஹேண்டை முழுக்கப் பின்பக்கத்திலேயே ஆடினார்.

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், ரெண்டு பலகையும் நேருக்கு நேர் மோதிய நாள். ஒரு பக்கம் கொரியாவின் ரியு சியுங் மின், செவ்வக ஹினோகி, ஒரு பக்க ரப்பர், ஓயாத கால்கள். இன்னொரு பக்கம் வாங் ஹாவ், வட்டத் தலை, ரெண்டு பக்க ரப்பர். அன்னைக்கு ஜெயிச்சது ரியு. ஆனா அதன் பிறகு ஒற்றைப் பக்கப் பலகையோடு யாரும் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கம் வாங்கவில்லை. 2008ல் தங்கம் வென்ற மா லின்னும் பென்ஹோல்ட்தான், ஆனா சீன ரகம், பின்பக்கமும் அடிப்பவர்.

காரணம் ஆளில் மட்டும் இல்லை, பந்திலும் இருக்கு. 2000ல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2008ல் ரப்பருக்கு வேகம் கொடுத்த கரைப்பான் பசைக்குத் தடை வந்தது. 2014ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பந்தின் சுழலோ வேகமோ கொஞ்சம் குறைந்தது. ஒரே அடியில் புள்ளியை முடிப்பது கஷ்டமானது. ஓடிப்போய் ஒரு பெரிய ஃபோர்ஹேண்ட் அடிச்சும் பந்து திரும்பி வந்தா, அடுத்த பந்துக்கு மூலையில் ஆள் இருக்க மாட்டார்.

அப்போ எதை வாங்குறது?

தம்பி, வரலாறு சொல்ற பதில் இது: சீன ரகம், 5 அடுக்கு, முழுக்க மரம்.

கார்பன் இப்போ வேண்டாம். விதிப்படி பிளேடின் தடிமனில் குறைஞ்சது 85 சதவீதம் இயற்கை மரமா இருக்கணும். மீதியில்தான் கார்பன் மாதிரி இழைகள் வரும். அந்த மெல்லிய இழையே வேகத்தை நல்லா ஏத்திடும். வேகமான பலகையில் பந்து சட்டுனு கிளம்பிடும், சுழற்றக் கத்துக்க நேரம் கொடுக்காது.

எடையைப் பாருங்க. ஆன்லைனில் வாங்கும்போது கிராம் கணக்கைக் கேட்டு வாங்குங்க. 85 கிராம் பக்கம் இருந்தா நல்லது. பின்பக்கமும் ரப்பர் ஒட்டினா இன்னொரு 40 கிராமுக்கு மேல் கூடும். பென்ஹோல்டில் அந்தப் பாரம் முழுக்க ரெண்டு விரலிலும் மணிக்கட்டிலும் இறங்கும். நாள் முழுக்க அச்சகத்தில் வேலை பார்த்த கை அது. கையில் வலி வந்தா ஆட்டம் நின்னுடும். அதனால் பின்பக்கத்துக்கு மெல்லிய ஸ்பாஞ்ச் உள்ள லேசான ரப்பர் போதும்.

ஆனா பின்பக்கத்தை வெறுமனே விடாதீங்க. ரப்பர் இல்லாத பக்கத்தால் அடிக்க விதி அனுமதிக்காது. இன்னைக்குப் பின்பக்கம் அடிக்கத் தெரியாட்டியும், ஆறு மாசம் கழிச்சு முயற்சி பண்ண வழி திறந்திருக்கணும். ஜப்பான் ரகம் வாங்கினா அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிடும். கார்க் கைப்பிடியும் முனை பாரமும் மணிக்கட்டைத் திருப்ப விடாது. ரியுவோட கால்கள் இருந்தா அது தப்பான முடிவு இல்லை. அந்தக் கால்கள் தினமும் பல மணி நேரப் பயிற்சியில் வந்தவை.

கடைசியா ஒண்ணு. புது பிளேடு வந்ததும் விரல் இடுக்கில் அறுக்கும். அதுக்காகத் திருப்பி அனுப்பாதீங்க. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் உட்கார்ற விளிம்பை மட்டும் நைஸ் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமா தேய்ங்க. பென்ஹோல்ட் ஆடுறவங்க பெரும்பாலும் இதைப் பண்றாங்க. தேய்த்த மரம் திரும்ப வராது, அதனால் அவசரப்படாதீங்க.

தனியா ஆடுறோமேன்னு தோணினா பிரான்ஸின் ஃபெலிக்ஸ் லெப்ரனைத் தேடிப் பாருங்க. மான்ட்பெல்லியே நகரத்துப் பையன். அந்த ஊர் கிளப்பில் ஆடிய சென் ஜியான் என்ற சீன ஆட்டக்காரரைப் பார்த்து, சின்ன வயசில் பேனா மாதிரி பேட்டைப் பிடித்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 17 வயதில், ஒற்றையர் வெண்கலம் வாங்கினார். அந்த ஒலிம்பிக்கில் அவர் பின்பக்கத்தால் அடிக்கிற பேக்ஹேண்டைக் கவனிங்க. முடிஞ்சதுன்னு எழுதப்பட்ட ஒரு பிடி அது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்க ஊர் கிளப்பில் யாராவது பென்ஹோல்ட் ஆடினா, இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க.