பள்ளத்தில் தேங்கிய கழிவுநீர்

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள குரொஸ்னெஸில் கழிவுநீர் ஏற்றுநிலையம் ஒன்றை வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அங்கிருந்த நான்கு நீராவி இயந்திரங்களுக்கும் அரச குடும்பத்தினரின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. மாநகரின் மலக்கழிவைத் தூக்கும் பணிக்கு அப்பெயர்கள் பொருந்துமா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டியதில்லை. அவ்விழா நடந்த வேளையில் எதிர்க்கரையிலே எது முடிக்கப்படாமற் கிடந்தது என்பதையே நாம் இங்கு நோக்கவேண்டும்.

1848-49, 1853-54 ஆகிய ஆண்டுகளில் இலண்டனில் ஆயிரக்கணக்கானோர் வாந்திபேதியால் மாண்டனர். அப்போது பிறவாத சட்டம், 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் நாற்றம் பாராளுமன்றத்துக்குள் புகுந்ததும் 18 நாட்களிற் பிறந்தது!

பொறியியலாளர் யோசேப் பசல்ஜெற்றின் திட்டம் எளிமையானது. ஆற்றில் விழும் சாக்கடைகளை இடைமறித்து, நிலத்தடிக் கால்வாய்கள் வழியே கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசெல்ல வேண்டும். நீர் சரிவிலே தானாக ஓடும். ஆனால் தூரம் கூடக்கூடக் கால்வாய் நிலத்தினுள் ஆழ்ந்துகொண்டே போகும். ஓரிடத்திற் கழிவைக் கிணற்றிலே சேர்த்து, இயந்திரத்தால் உயர்த்தி, மீண்டும் சரிவிலே விட்டாலன்றி அது அப்பாற் செல்லாது. இன்று நகரங்களில் மின்சாரப் பம்பிகள் செய்வதும் இதே வேலைதான். வடகரையின் மேட்டுநிலக் கழிவு தன் பாரத்தாலேயே ஓடிற்று. ஆற்றோரத் தாழ்நிலங்களின் கழிவையோ அபே மில்ஸ் என்னுமிடத்தில் ஏறத்தாழ 36 அடி உயர்த்தவேண்டியிருந்தது. அந்நிலையம் பிந்தியது.

அத்தாழ்நிலத்தின் கிழக்குப் பகுதியில், கப்பற்றுறைக் கூலிகளும் சிறுகைத்தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்தனர். 1866ஆம் ஆண்டு வாந்திபேதி மீண்டும் வந்தபோது நகரின் பெரும்பகுதி ஓரளவு தப்பியது. கீழை இலண்டன் தப்பவில்லை. 5,500க்கு மேற்பட்டோர் அவ்வாண்டு மாநகரில் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் கிழக்கே வாழ்ந்தவர்கள். மரணக் கணக்குகளை ஆராய்ந்த வில்லியம் ஃபார், அவை கீழை இலண்டன் தண்ணீர்க் கம்பனியின் எல்லைக்குள்ளேயே குவிந்திருக்கக் கண்டார். வடிகட்டாத நீரை ஒரு துளியேனும் வழங்கவில்லை என்று கம்பனியின் பொறியியலாளர் பத்திரிகைக்கு எழுதினார். ஆனால், வீட்டுக் குழாய்களில் விலாங்கு மீன்கள் அகப்பட்டிருந்தன! வடிகட்டியைக் கடந்து விலாங்கு வருமா? மாசடைந்த லீ ஆற்றின் நீர், கம்பனியின் திறந்த குளங்கள் வழியே குடிநீரிற் கலந்திருந்தது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. தாழ்நிலக் கால்வாய் அதற்கு முன்னரே கட்டிமுடிக்கப்பட்டிருந்தது. கழிவை உயர்த்தும் நிலையமே எஞ்சியிருந்தது. ஃபாரின் கடிதத்துக்கு மறுமொழி எழுதிய பசல்ஜெற், அப்பகுதியில் வேலை முற்றுப்பெறவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, தற்காலிக ஏற்றுநிலையம் ஒன்றை ஏறத்தாழ மூன்று வாரங்களில் அமைத்துவிடலாம் எனக் குறிப்பிட்டார். மூன்று வாரங்கள்! அம்மனிதரின் திறமையையோ நேர்மையையோ நாம் ஐயுறவில்லை. மூன்று வாரத்து வேலையை நினைப்பூட்டுவதற்குத் தொழிலாளர் குடும்பங்களின் பிணங்கள் தேவைப்பட்டன என்பதையே சுட்டுகிறோம். பிரபுக்களின் மூக்கைத் தொட்ட நாற்றத்துக்கு அத்தகைய தாமதம் நேரவில்லை.

1868இல் அபே மில்ஸ் நிலையம் எட்டு நீராவி இயந்திரங்களுடன் இயங்கத் தொடங்கியது. பைசாந்தியப் பாணியில் எழுந்த அக்கட்டடத்தின் அழகைக் கண்டோர் அதனைச் சாக்கடைத் தேவாலயம் என்றனர். 1866க்குப் பின் இலண்டனில் வாந்திபேதி கொள்ளைநோயாகத் தலையெடுக்கவேயில்லை. நீராவி இயந்திரங்கள் பின்னர் மின்சார இயந்திரங்களுக்கு இடங்கொடுத்தன. 1997இல் அருகிலேயே புதிய நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. பழைய கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது.