கண்ணாடி மேலே எழுந்தபோது

கேனான் 550டி-யில் வீடியோ எடுத்துப் பழகியவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. மேலே உள்ள டயலை வீடியோவுக்குத் திருப்பினால் உள்ளே ‘டக்’கென்று ஒரு கண்ணாடி எழும். வியூஃபைண்டர் இருண்டுவிடும். பின்பக்கத் திரையில் உலகம் ஓடத் தொடங்கும்.

அந்தக் கண்ணாடிதான் இந்தக் கதையின் முடிச்சு. டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்பிவிடும். சென்சாருக்கு வெளிச்சம் கிடைப்பது கிளிக் செய்யும் அந்தக் கணத்தில் மட்டும். விடாமல் படம் பிடிக்க இந்த அமைப்பில் இடமே இல்லை. பிறகு ‘லைவ் வியூ’ வந்தது. டிரைபாடில் வைத்து நிதானமாக ஃபோகஸ் பார்க்கிறவர்களுக்காக, கண்ணாடியைத் தூக்கியபடியே நிறுத்தி, சென்சார் காண்பதைத் திரையில் காட்டினார்கள். திரையில் ஓடுவது ஏற்கெனவே நகரும் படம். அதைச் சுருக்கிக் கார்டில் எழுதுவது மட்டும்தான் பாக்கி.

2008 ஆகஸ்ட் 26 அன்று கேனான் அறிவித்த 50டி-யில் வீடியோ இல்லை. மறுநாள் நிக்கான் டி90 வந்தது. வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர். 720 பி, நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஷாட்டுக்கு ஐந்து நிமிடம், மோனோ ஒலி. ஷாட் ஓடும்போது ஆட்டோஃபோகஸ் கிடையாது. மூன்று வாரத்தில் கேனான் 5டி மார்க் 2-ஐ அறிவித்தது. அதில் 1080 பி இருந்தது, 35 எம்.எம். ஃபிலிம் நெகட்டிவ் அளவுக்குச் சென்சாரும் இருந்தது. செய்திப் படக்காரர்கள் இணையத்துக்குச் சின்ன வீடியோவும் அனுப்பட்டும் என்பதுதான் அப்போதைய எண்ணம். சினிமா யார் மனதிலும் இல்லை.

புலிட்சர் பரிசு பெற்ற ‘நியூயார்க் டைம்ஸ்’ குழுவில் இருந்த வின்சென்ட் லஃபோரே, விற்பனைக்கு வராத அந்தக் கேமராவை ஒரு வாரக்கடைசிக்கு மட்டும் மன்றாடி வாங்கிப்போனார். இரவு நியூயார்க்கில் ‘ரெவரி’ என்ற குறும்படத்தை எடுத்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் முகம் மட்டும் துலங்க, பின்னால் நகரமே ஒளிப்பொட்டுகளாகக் கரைந்து நின்றது. அதுவரை அந்தத் தோற்றம் பெரிய லென்ஸும் பெரிய பட்ஜெட்டும் உள்ளவர்களுக்கே வாய்த்தது. சின்னச் சென்சார் வீடியோ கேமராக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் ஏன் அப்படித் தவித்தார்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் கைக்கு வந்தது அரைகுறைக் கேமரா. வீடியோவில் அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றையும் அதுவே முடிவு செய்தது. ஒரு ஷாட்டுக்குள் ஆள் ஜன்னலைத் தாண்டினால் படமே வெளுத்து, மறுபடி கறுக்கும். இதற்கு ஜனங்கள் கண்டுபிடித்த வழியை இன்றும் வியக்கிறேன். அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய நிக்கான் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டினார்கள். அந்த லென்ஸோடு கேமரா பேச முடியாது. ஆகவே அபெர்ச்சர் எடுப்பவர் கைக்கு வந்தது. கேனான் லென்ஸையே பாதி திருகிக் கழற்றி, மின்தொடர்பு அறுந்த நிலையில் ஷூட் செய்தவர்களும் உண்டு. 2009 ஜூனில் ஃபர்ம்வேர் வழியாக மேனுவல் கட்டுப்பாட்டைக் கேனான் கொடுத்தது. நொடிக்கு 24, 25 ஃபிரேம் வர 2010 மார்ச் ஆனது. அந்த மே மாதம் ‘ஹவுஸ்’ என்ற அமெரிக்கத் தொடரின் ஆறாம் பருவக் கடைசிப் பகுதி முழுவதும் இந்தக் கேமராவில் எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது.

என்னைக் கேட்டால், டிஎஸ்எல்ஆர் வீடியோவின் உண்மையான பிறப்பு 2010 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட 550டி-தான். 5டி மார்க் 2-இன் பாடி 2,699 டாலருக்கு வந்தது, இது 799. சென்சார் சிறியது, ஆனால் அதே 1080 பி, 24, 25, 30 ஃபிரேம், மேனுவல் கட்டுப்பாடு, வெளி மைக் சொருகும் துளை. பிளாஸ்டிக் உடம்புள்ள 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸைச் சேர்த்தால் வேலை தொடங்கிவிடலாம்.

குறைகளும் கூடவே வந்தன. அவையே பாடமும் நடத்தின. சென்சாரை வரிவரியாக மேலிருந்து கீழே படிப்பதால், கேமராவைச் சட்டென்று திருப்பினால் தூண்கள் சாயும். எனவே கேமராவைத் திருப்பும் வேகம் நிதானமானது. 18 மெகாபிக்சலை 1080 பி-க்குள் அடக்க வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்ததால், மெல்லிய கோடு போட்ட சட்டையில் வானவில் நெளியும். ஷூட்டுக்கு முன் சட்டை மாற்றச் சொன்னார்கள். நம் ஊர் டியூப்லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு முறை துடிப்பதால் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்பது பழக்கமானது. 4 ஜிபி ஆனதும், அதாவது சுமார் 12 நிமிடத்தில், ஷாட் தானே நின்றுவிடும். ஒலியளவைக் கேமராவே ஏற்றி இறக்கியதால் அமைதியான இடத்தில் இரைச்சல் எழும். எனவே தனி ரெக்கார்டர், ஷாட்டின் தொடக்கத்தில் ஒரு கைத்தட்டு, பிறகு டைம்லைனில் அந்தத் தட்டலை வைத்து இரண்டு ஒலியையும் பொருத்துவது.

எடிட்டிங் மேஜையில் இன்னொரு சோதனை. எச்.264 கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுப்படம் அல்ல. இடையிடையே ஒன்று முழுதாக இருக்கும். மற்றவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து மாறியதை மட்டும் சொல்லும். வெட்டும் இடத்தில் கம்ப்யூட்டர் அந்தப் படத்தைக் கணக்கிட்டு உருவாக்க வேண்டும். அன்றைய மெஷின்கள் திணறின. ராத்திரி முழுக்க புரோரெஸ் போன்ற கோடெக்குக்கு மாற்றவிட்டு, காலையில் எடிட் செய்தார்கள். நிறத்தையும் நிறையத் தள்ள முடியாது. கோப்பு உடைந்து கட்டம்கட்டமாகிவிடும். எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் எடுக்கும்போதே சரியாக இருந்தாக வேண்டும். அந்தக் கண்டிப்பில் தேறிய ஒளிப்பதிவாளர்கள் ஏராளம் என்று நம்புகிறேன். பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ ஸ்டில் கேமராவில்தான் எடுக்கப்பட்டது. 2012-இன் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான்.

கேனான் நிறுவனம் விட்ட இடத்தை நிரப்ப 2009-இல் டிராம்மெல் ஹட்சன் ‘மேஜிக் லான்டர்ன்’ என்ற மென்பொருளைத் தொடங்கினார். ஒலி மீட்டர், அதிக வெளிச்சம் விழும் இடத்தில் வரிக்கோடு என முதலில் 5டி மார்க் 2-க்கு வந்தது. பிறகு 550டி-க்கும் பிறவற்றுக்கும். தன்னார்வலர்கள் கைகளில் அது வளர்ந்தது. டி90-க்கு முந்தின நாள் வீடியோ இல்லாமல் பிறந்த 50டி-க்கும் அவர்கள்தான் வீடியோவைக் கொடுத்தார்கள்.