பெரிய ரயிலும் சின்ன ரயிலும்

நம் தா.பழூருக்கு ரயில் கிடையாது. மேற்கே அரியலூருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் கொள்ளிடம் தாண்டிக் கும்பகோணம். இந்த இரண்டு பாதைகளையும் போட்டது வெள்ளைக்காரர் காலத்துத் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. மெயின் லைன் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அரியலூர் வழியாக விழுப்புரத்தையும் திருச்சியையும் இணைக்கும் கார்டு லைன் 1929-இல் வந்தது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே சுமார் 60 கி.மீ. மிச்சமாயிற்று. அதாவது தொலைதூர வண்டிக்காகப் போட்ட பாதை. அரியலூர் அதில் வழியில் கிடைத்த ஊர்.

சின்னப் பாதைகளைக் கம்பெனி எப்படிப் பார்த்தது? தஞ்சை ஜில்லா போர்டு, நிலவரியோடு வசூலித்த தீர்வைப் பணத்தில் மாயவரம்–முத்துப்பேட்டை பாதையைப் போட்டது. 1894-இல் வண்டி ஓடியது. பாதை போர்டுக்குச் சொந்தம், வண்டியை ஓட்டியது கம்பெனி. 1898-இல் திறந்த பேரளம்–காரைக்கால் பாதையும் அப்படித்தான்: பிரெஞ்சு எல்லைக்குள் போனாலும் ஓட்டியது அதே கம்பெனி. மாயவரத்துக்கும் பேரளத்துக்கும் ஆள் கொண்டுவந்து சேர்க்கும் வாய்க்கால்களை எதிரியாக நினைப்பானேன்?

பிரான்சில் 1865-இலேயே உள்ளூர் நலனுக்கான ரயில்பாதைகளுக்குத் தனிச் சட்டம் செய்தார்கள். உள்ளூர்ப் பயணியின் தேவை வேறு என்பதை அரசே ஒப்புக்கொண்டது அது. இங்கே ஜில்லா போர்டு செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்.

கம்பெனிகளுக்கு நிஜமான போட்டி பஸ் ரூபத்தில் வந்தது. 1930-களில் குறுந்தூரப் பயணிகள் பஸ்ஸுக்கு மாறினார்கள். 1932-33-இல் மிட்செல், கிர்க்னஸ் என்ற இரு அதிகாரிகள் இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பின்னால் இந்தக் கவலையும் இருந்தது.

1951-இல் தெற்கு ரயில்வே பிறந்தது. எல்லாம் ஒரே முதலாளியின் கைக்கு வந்த பிறகு போட்டி தண்டவாளத்துக்கே வந்துவிட்டது. ஊருக்கு ஊர் நிற்கும் பாசஞ்சர், பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு இடைஞ்சல். ஆகவே லூப் லைனில் ஒதுங்கி நிற்க வேண்டும். வாய்க்கால் இப்போது தடையாகிவிட்டது.

2020 கொரோனாவில் பாசஞ்சர்கள் நின்றன. திரும்ப வந்தபோது எக்ஸ்பிரஸ் கட்டணம்: 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச டிக்கெட் 30 ரூபாய். 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் வந்தது. நான்கு ஸ்டேஷன் தள்ளி வேலைக்கோ காலேஜுக்கோ போகிறவருக்கு அந்த 20 ரூபாய் பெரிது. போக வர 40 ரூபாய் ஆயிற்றே! சென்னைக்குப் போகிறவருக்கு அது கணக்கிலேயே வராது. அட்டவணை போடுகிறவர்கள் யாரை மனதில் வைத்துப் போடுகிறார்கள் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.