தடையுத்தரவும் வேலைநிறுத்தமும்: புல்மன் போராட்டம் பற்றிய ஒரு குறிப்பு

தொழிலாளர் இயக்க வரலாற்றை எழுதுவோர் துப்பாக்கிச் சூட்டையும் சிறைவாசத்தையும் விரிவாக எடுத்துரைப்பர். நீதிமன்றக் கட்டளையொன்று வேலைநிறுத்தத்தை முறியடித்த விதத்தையோ ஒரு வரியிற் கடந்துசெல்வர். 1894 இல் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த புல்மன் வேலைநிறுத்தம் இவ்வகையில் மீள்நோக்கத்தக்கது.

சிக்காகோவை அடுத்திருந்த புல்மன் நகரில் தொழிற்சாலை மட்டுமன்றித் தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் கம்பனிக்கே உரியனவாயிருந்தன. 1893 இன் பொருளாதார நெருக்கடியை அடுத்துக் கூலி குறைக்கப்பட்டது. வீட்டு வாடகை குறைக்கப்படவில்லை. 1894 மே 11 இல் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. யூன் 26 முதல், யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்கப் புகையிரதத் தொழிற்சங்கத்தினர் புல்மன் பெட்டிகள் இணைக்கப்பட்ட வண்டிகளிற் பணிபுரிய மறுத்தனர்.

யூலை 2 இல் சமஷ்டி நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. தபாற் போக்குவரத்தும் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகமும் காரணமாகக் காட்டப்பட்டன. அடுத்த ஓரிரு நாட்களில், இலினொய் ஆளுநரின் ஆட்சேபத்தையும் மீறி, இராணுவம் வந்தது. உத்தரவுக்கான முயற்சியை நெறிப்படுத்திய சட்டமா அதிபர் றிச்சர்ட் ஓல்னி, முன்னர் புகையிரதக் கம்பனிகளின் வழக்கறிஞராயிருந்தவர். இதனைச் சுட்டி, நீதி விலைபோயிற்று என்று முடித்துவிடுவது எளிது. ஆயின் அது மார்க்சிய விளக்கமாகாது. நேர்மையான நீதிபதியொருவரும் இதே உத்தரவை வழங்கியிருக்கக்கூடும் என்பதே பிரச்சினையின் மையம்.

ஒப்புரவு நீதிமுறையில் தடையுத்தரவென்பது சொத்துக்கு ஈடுசெய்யவியலாத கேடு நேராது காக்கும் பரிகாரமாகும். குத்தகைக்காரன் நிலத்து மரங்களை வெட்டி வீழ்த்தாது தடுத்தல் அதன் பழைய பயன்களுள் ஒன்று. தொழில் நடத்தி இலாபம் ஈட்டும் வாய்ப்பும் சொத்தே எனக் கொள்ளப்பட்டபோது, மரத்தைக் காத்த கருவி உழைக்க மறுப்போருக்கு எதிராகத் திரும்பிற்று.

உத்தரவின் சொற்களும் நுணுகி நோக்கற்பாலன. அது வன்முறையையும் அச்சுறுத்தலையும் மட்டும் தடுக்கவில்லை. பணிசெய்ய மறுக்குமாறு ஊழியரிடம் எடுத்துக்கூறி இணங்கச் செய்வதையும் தடுத்தது. நேற்றுவரை குற்றமல்லாதிருந்த பேச்சு இன்று நீதிமன்ற அவமதிப்பாயிற்று. அவமதிப்பை விசாரிக்க யூரர் வேண்டியதில்லை. உத்தரவிட்ட நீதிபதிகளுள் ஒருவரான வூட்ஸ், 1894 டிசம்பரில் டெப்ஸுக்கு ஆறுமாதச் சிறைத்தண்டனை விதித்தார். யூரர் முன் நடந்த சதி வழக்கோ, யூரர் ஒருவர் நோயுற்றதோடு நின்றது, மீளத் தொடங்கப்படவேயில்லை.

வூட்ஸ் ஆதாரமாகக் கொண்டது, ஏகபோகங்களுக்கு எதிராக 1890 இல் இயற்றப்பட்ட ஷேர்மன் சட்டம். அடுத்த மாதமே உயர் நீதிமன்றம், நாட்டின் சீனிச் சுத்திகரிப்பில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டதைக் கைப்பற்றியிருந்த நிறுவனத்தை அச்சட்டம் தீண்டாதெனத் தீர்ப்பளித்தது, உற்பத்தி வர்த்தகமன்றாம். 1895 மே 27 இல் அதே நீதிமன்றம், ஷேர்மன் சட்டத்தைச் சாராது வேறு அடிப்படையில், டெப்ஸின் தண்டனையை ஏகமனதாக உறுதிசெய்தது.

1914 ஆம் ஆண்டின் கிளேற்றன் சட்டத்தைத் தொழிற்சங்கத் தலைவர்கள் கொண்டாடினர்; 1921 இல் நீதிமன்றம் அதனைப் பெரிதும் வெறுமையாக்கியது. பெருமந்த காலத்தில், 1932 இன் நொறிஸ்-லாகார்டியா சட்டமே இவ்வதிகாரத்துக்கு உண்மையான கடிவாளமிட்டது. 1947 இல் டாவ்ற்-ஹாட்லி சட்டம், தேசிய அவசரநிலையின் பெயரால் வேலைநிறுத்தத்தை 80 நாட்கள் நிறுத்திவைக்கும் வழியை மீண்டும் திறந்தது.