கஞ்சாத் தடையும் சான்றுகளும்: 1893–94 ஆணைக்குழு பற்றிய ஒரு நோக்கு

ஒரு போதைப்பொருளைச் சட்டத்தினால் முற்றாகத் தடைசெய்ய வேண்டுமா, அன்றிக் கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்க வேண்டுமா என்னும் வினா ஒழுக்கம் பற்றிய வினாவாக மட்டும் அமைவதில்லை. அது சான்றுகள் பற்றிய வினாவுமாகும். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குதல் குறித்து இன்று பல நாடுகளில் நிகழும் விவாதம் புதியதுபோலத் தோன்றினும், அது விரிவாக ஆராயப்பட்ட முதற் களம் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்டிருந்த இந்தியாவாகும். 1893–94இல் இயங்கிய இந்தியக் கஞ்சா ஆணைக்குழுவின் வரலாறு இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது.

இந்தியாவில் இச்செடி மூன்று வடிவங்களிற் பயன்பட்டு வந்தது. இலையை அரைத்துப் பானமாக அருந்துவது பங்கி எனப்பட்டது. பெண்செடியின் பூங்கொத்தை உலர்த்திப் புகைப்பது கஞ்சா. செடியிலிருந்து பெறப்படும் பிசின் சரஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கம் இவற்றைத் தடைசெய்யவில்லை, வரி விதித்தது. வங்காளத்திலே கஞ்சாப் பயிர்ச்செய்கை ராஜசாகி மாவட்டத்து நௌகான் பகுதியில் மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது. அனுமதிப்பத்திரம் பெற்ற குடியானவர்கள் அதனைப் பயிரிட்டனர். தேர்ச்சிபெற்ற ஒருவர் வயலிலே நடந்து ஆண்செடிகளை இனங்கண்டு அகற்றுவார். விளைபொருள் களஞ்சியங்களிற் சேர்க்கப்பட்டு, தீர்வை செலுத்தப்பட்ட பின்னரே விற்பனைக்குச் சென்றது. எனவே, சட்டபூர்வமான கஞ்சா என்பது அக்காலத்தில் வெறும் கருத்தன்று. நடைமுறையிலிருந்த ஒரு நிருவாக ஒழுங்காகும்.

இவ்வொழுங்கிற்கு எதிர்ப்பு இங்கிலாந்தின் மதுவிலக்கு இயக்கத்தினரிடமிருந்து எழுந்தது. அபின் வணிகத்தைக் கண்டித்த அதே குரல் கஞ்சாவையும் நோக்கித் திரும்பியது. இந்தியாவின் மனநோயாளர் விடுதிகள் கஞ்சாப் புகைப்போரால் நிறைந்துள்ளன என்னும் கூற்று 1891இல் இலண்டன் பாராளுமன்றத்தில் ஒலித்தது. 1893 மார்ச் மாதத்திலும் அங்கு இப்பொருள் பற்றி வினா எழுப்பப்பட்டதையடுத்து, அவ்வாண்டு யூலையில் இந்திய அரசாங்கம் ஆணைக்குழுவொன்றை நியமித்தது. மக்வேர்த் யங் தலைமை தாங்கிய அக்குழுவில் உறுப்பினர் எழுவர் இருந்தனர்; அவர்களுள் மூவர் இந்தியர். ஓராண்டுக் காலத்தில் 1,193 சாட்சியாளர்களின் கூற்றுக்கள் பெறப்பட்டன. 1894 ஓகஸ்டில் சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கை பின்னிணைப்புகளுடனும் சாட்சியங்களுடனும் ஏழு தொகுதிகளாக விரிந்தது.

ஆணைக்குழுவின் பணியிற் சிறந்து விளங்குவது மனநோயாளர் விடுதிப் பதிவேடுகளை அது ஆராய்ந்த முறையாகும். 1892இல் விடுதிகளில் அனுமதிக்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருடைய நோய்க்குக் கஞ்சாவகைப் பொருள்களே காரணம் எனப் பதிவேடுகள் கூறின. ஆணைக்குழு அத்தொகையை அவ்வாறே ஏற்கவில்லை. ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் தனித்தனியே விசாரித்தது. அப்பொழுது ஓர் உண்மை வெளிப்பட்டது. நோயாளியை விடுதிக்கு அனுப்பும் படிவத்திலே நோயின் காரணத்தைக் குறிப்பதற்கென ஓர் இடமிருந்தது. தெருவிலே பிடிபட்டவனின் முன்வரலாற்றை அறியாத பொலிஸாரும் நீதவானும் அவ்விடத்தைக் கஞ்சா என எழுதி நிரப்பினர். விடுதி வைத்தியர் அதனையே தமது பதிவேட்டில் எடுத்தெழுதினார். பதிவேடு ஆண்டறிக்கையாயிற்று, ஆண்டறிக்கை பாராளுமன்றத்திலே சான்றாயிற்று. மீள ஆராய்ந்தபோது 98 பேருடைய நோயையே கஞ்சாவுடன் தொடர்புபடுத்த முடிந்தது. அவர்களுள்ளும் 37 பேரிடத்து வேறு காரணங்களும் கலந்திருந்தன. ஓர் எழுதுவினைஞரின் பேனா அறிவியல் உண்மையொன்றைப் படைத்துவிடக்கூடும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று அரிது.

இவ்வாய்வின் பின்னர் ஆணைக்குழு வந்தடைந்த முடிவு நிதானமானது. அளவான பயன்பாட்டினாற் குறிப்பிடத்தக்க தீங்கு விளைவதில்லை எனவும், அளவுகடந்த பயன்பாடு உடலையும் உள்ளத்தையும் கெடுக்கும் எனவும் அது கூறியது. முழுத் தடை அவசியமுமன்று, உசிதமுமன்று என்பது அதன் தீர்ப்பு. சிவவழிபாட்டோடும் துறவியரின் வாழ்க்கையோடும் பங்கியும் கஞ்சாவும் கொண்டிருந்த தொடர்பை அது கருத்திற் கொண்டது. இமயமலை அடிவாரங்களிலே தானாக முளைக்கும் செடியை அழித்தல் எளிதன்று என்பதையும், தடைசெய்யின் மக்கள் மதுவையோ அதனிலும் கொடிய பொருள்களையோ நாடக்கூடும் என்பதையும் எடுத்துக்காட்டியது. பயிர்ச்செய்கையை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்துதல், விற்பனை நிலையங்களை மட்டுப்படுத்துதல், ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவை வரையறுத்தல், போதிய வரி விதித்தல் ஆகியனவே அது விதந்துரைத்த வழிகளாகும்.

ஆயினும் இவ்வறிக்கையைக் குறையற்றதெனக் கொள்ளுதல் பொருந்தாது. வரியினாற் பயன்பெறும் அரசாங்கமே நடுவர்களையும் நியமித்தது. சாட்சியாளரிற் பெரும்பகுதியினர் உத்தியோகத்தரும் கற்றோருமாவர். புகைத்த கூலியாளின் குரலும் அவனது மனைவியின் குரலும் அங்கே அரிதாகவே கேட்டன. பெரும்பான்மையோரின் முடிவுக்கு மாறாக இந்திய உறுப்பினர் இருவர் தனிக்குறிப்பு எழுதினர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மதுவிலக்கு இயக்கத்தினரின் கூற்று மிகைப்பட்டிருந்தமையால் ஆட்சியாளரின் நோக்கம் தூயதாகிவிடாது.

அறிக்கையின் பாடம் விரைவில் மறக்கப்பட்டது. 1925ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டில், தம் நாட்டு மனநோயாளரில் நூற்றுக்கு 30 முதல் 60 வரையானோரின் நோய்க்குக் கஞ்சாப் பிசினே காரணம் என எகிப்தியப் பிரதிநிதி வாதிட்டார். முன்னர் இந்தியாவிற் சோதித்துக் களையப்பட்ட வகையான தொகையே இங்கு மீண்டும் சர்வதேச மேடையேறியது. அம்மாநாட்டின் உடன்படிக்கையில் கஞ்சாவும் இடம்பெற்றது. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, மருத்துவம் சாராத பயன்பாட்டை 25 ஆண்டுகளுள் முடிவுறுத்தப் பணித்தது. 1985இல் இந்தியா கஞ்சாவையும் சரஸையும் தண்டனைக்குரியனவாக்கியது. எனினும் இலையாகிய பங்கி அச்சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குப் புறம்பே விடப்பட்டது. நௌகான் வயல்கள் பங்களாதேசத்திற்கு உரியனவாகி, 1980களில் அங்கும் அப்பயிர்ச்செய்கை நின்றது.

பின்னர் காற்றுத் திசைமாறியது. உருகுவே 2013இலும் கனடா 2018இலும் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கின. 2020 திசெம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை 27க்கு 25 என்ற வாக்குகளால் நீக்கியது. இந்தியாவும் நீக்கத்திற்கு ஆதரவாக வாக்களித்தது. இம்மாற்றங்களை 1894ஆம் ஆண்டு அறிக்கைக்குக் கிடைத்த வெற்றியெனக் கொள்ளுதல் தவறாகும். கஞ்சாவின் போதைக்குரிய முதன்மை வேதிப்பொருள் 1964இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. அப்பொருள் செறிந்த வகைகளை இளவயதில் இடையறாது பயன்படுத்துவோர்க்கு மனச்சிதைவு ஏற்படும் அபாயம் கூடுதலென இன்றைய ஆய்வுகள் உணர்த்துகின்றன. அன்றைய தீர்ப்பை இன்றைய பொருளுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது.

எஞ்சி நிற்பது தீர்ப்பன்று, முறையே. இப்பொருள் எவ்வளவு தீங்கு விளைக்கின்றது என்பது ஒரு வினா. தடை அத்தீங்கைக் குறைக்கின்றதா, அன்றி வேறு தீங்குகளைப் பெருக்குகின்றதா என்பது மற்றொரு வினா. ஆணைக்குழு இவ்விரண்டையும் பிரித்து நோக்கியது. சட்டபூர்வமாக்குக என்போரும் கூடாது என்போரும் முதற்கண் செய்யவேண்டியது தாம் கையாளும் தொகைகளின் பிறப்பிடத்தைத் தேடிச் செல்வதாகும். அத்தொகைகளின் பின்னால் மனிதர் இருக்கின்றனர். பிழையாக எழுதப்பட்ட ஒரு காரணத்தைப் பெயருடன் சுமந்து விடுதியிற் புகுந்த அந்த நோயாளர்களை வரலாறு மறத்தல் தகாது.