சதுரங்க இறுதியாட்டப் புதிர்

சதுரங்க இறுதியாட்டப் புதிர் என்பது, பெரும்பாலான காய்கள் பலகையை விட்டு நீங்கியபின் எஞ்சும் ஒரு நிலையை ஆசிரியர் ஒருவர் தாமே இயற்றி, ‘வெள்ளை ஆடி வெல்க’ அல்லது ‘வெள்ளை ஆடி டிரா செய்க’ என்னும் ஒற்றை நிபந்தனையுடன் முன்வைக்கும் படைப்பாகும். இத்தனை நகர்வுகளுக்குள் செக்மேட் செய்ய வேண்டும் என்று எல்லை வகுக்கும் மேட் புதிர்களிலிருந்து இது வேறுபடுகிறது. இதில் நகர்வுகளுக்கு வரம்பில்லை, ஆனால் குறித்த முடிவை எட்டும் வழி ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும். தாக்கும் காய்கள் குறைந்துவிடுவதால் அரசனே களத்தின் நடுவுக்கு வந்து போரிடுவதும், கடைசி வரிசையை அடையும் சிப்பாய் அரசியாகவோ வேறு காயாகவோ மாறுவதும் இக்கலையின் இரு ஊற்றுகள்.

ரெட்டியின் புதிர்

ரிச்சர்ட் ரெட்டி 1921-இல் வெளியிட்ட புதிரில் நான்கே காய்கள் உள்ளன: வெள்ளை அரசன் எச்8 கட்டத்திலும் அதன் சிப்பாய் சி6-இலும், கறுப்பு அரசன் ஏ6-இலும் அதன் சிப்பாய் எச்5-இலும் நிற்கின்றன. வெள்ளை அரசனால் எதிரிச் சிப்பாயைத் துரத்திப் பிடிக்கவும் முடியாது, தன் சிப்பாயைக் காக்க நேரத்தில் சென்று சேரவும் முடியாது என்றே தோன்றும். ஆனால் அரசன் நேராக நடந்தாலும் மூலைவிட்டமாக நடந்தாலும் ஏழு வரிசைகளைக் கடக்க ஏழு நகர்வுகளே தேவை. எனவே ஜி7, எஃப்6, இ5 எனச் சாய்வாக இறங்கும் அரசன் இரு இலக்குகளையும் ஒருசேர நெருங்குகிறான். கறுப்பு ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று கைகூடுகிறது, ஆட்டம் டிராவாகிறது.

அழகின் அளவுகோல்

புதிர் இயற்றுவோர் சிக்கனத்தையும், தீர்வின் ஒருமையையும், எதிர்பாராமையையும் அழகின் அளவுகோல்களாகக் கொள்கின்றனர். 1895-இல் கிளாஸ்கோ நகரில், டிரா என்று கருதப்பட்ட ஒரு நிலையில் வெள்ளைக்கு வெற்றி உண்டு என்று ஸ்பானியப் பாதிரியார் சாவேத்ரா காட்டியது இதற்குச் சான்றாகும். அங்கே சிப்பாயை அரசியாக்கினால் கறுப்பு தன் யானையைப் பலிகொடுத்து, நகர இடமற்ற ‘ஸ்டேல்மேட்’ நிலையை உண்டாக்கித் தப்பிவிடும். வலிமை குறைந்த யானையாக மாற்றினால்தான் வெற்றி கிட்டும். எளிய விதிகளுக்குள் இத்தகைய உண்மை மறைந்திருப்பதே இக்கலை தரும் வியப்பு.

சென்னையும் இறுதியாட்டமும்

இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972-இல் சென்னையின் சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகைல் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். சிறுவனாக அங்கே ஆடிப் பழகிய விசுவநாதன் ஆனந்த், 1988-இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டராகவும் பின்னர் ஐந்து முறை உலக சாம்பியனாகவும் உயர்ந்தார். 2013 நவம்பரில் தேனாம்பேட்டை ஹயாத் ரீஜென்சி விடுதியில் மேக்னஸ் கார்ல்சனுடன் அவர் ஆடிய உலகப் போட்டியில், 5, 6 ஆகிய ஆட்டங்கள் யானை இறுதியாட்டங்களாகவே முடிவுற்றன. சமநிலை போலத் தோன்றிய நிலைகளில் கார்ல்சன் தொடர்ந்து அழுத்தம் தந்து இரண்டையும் வென்று, 6.5–3.5 என்ற கணக்கில் பட்டத்தையும் கைப்பற்றினார்.

சென்னையில் பிறந்து வளர்ந்த தொ. குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியனான 14-ஆவது ஆட்டமும் இறுதியாட்டத்திலேயே தீர்ந்தது. ஒரு சிப்பாய் கூடுதலாகக் கொண்டிருந்த குகேஷுக்கு எதிராக, டிங் லிரேன் 55-ஆவது நகர்வில் யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். மூலையில் நின்ற அவருடைய மந்திரிக்கு எதிரே தம் மந்திரியை நிறுத்தி, குகேஷ் அவற்றையும் மாற்றிக்கொள்ளச் செய்தார். எஞ்சிய சிப்பாய் இறுதியாட்டத்தில் 58-ஆவது நகர்வாகக் குகேஷின் கறுப்பு அரசன் இ5-க்கு வந்து, இ3-இல் இருந்த டிங்கின் வெள்ளை அரசனை ஒரு கட்ட இடைவெளியில் நேருக்கு நேர் எதிர்கொண்டான்; ‘ஆப்போசிஷன்’ எனப்படும் இந்த நிலையில் நகர வேண்டிய அரசனே வழிவிட நேர்கிறது. டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தொடக்கநிலை மாணவர்க்குக் கற்பிக்கப்படும் இந்த உத்தியே உலகப் பட்டப் போட்டியின் கடைசி நகர்வாகவும் அமைந்தது. இயற்றப்பட்ட புதிரும் போட்டியில் நிகழும் இறுதியாட்டமும் ஒரே வடிவியலுக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே, புதிர்களைத் தீர்க்கும் பழக்கம் அழகை உணரும் பயிற்சியாகவும் போட்டிக்கான கணிப்புப் பயிற்சியாகவும் ஒருசேர விளங்குகிறது.