சேப்டி பின் எங்கே போகுது?

பீடத்தில் ஒரு விழா என்றால் எங்கட அறையில் முதலில் காணாமல் போவது சேப்டி பின்தான். முந்தின நாள்தான் ஒரு பெட்டி வாங்கியிருப்போம். சாரி உடுக்கிற நேரம் பார்த்தால் ஒன்றுகூட இராது. ஆனால் அலுமாரியைத் திறந்தால் யார் வாங்கியதென்றே தெரியாத ஹேங்கர்கள் தொங்கும். “சும்மா விடுங்கோடி” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவோம்.

அப்படிச் சிரித்துவிட்டுப் போகாத ஒரு கதை 1958 மே மாத ‘கலக்ஸி’ இதழில் வந்தது. ‘ஓர் ஓல் த சீஸ் வித் ஒயிஸ்டர்ஸ்’ என்பது தலைப்பு, எழுதியவர் அவ்ரம் டேவிட்சன். சிறந்த சிறுகதைக்கான ஹியூகோ விருதும் அதே வருடம் அதற்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1957 ஒக்டோபர் 4இல்தான் ஸ்புட்னிக் விண்ணுக்குப் போனது. உலகமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டேவிட்சன் அலுமாரிக்குள் பார்த்தார். அதற்கு ஏற்ற இடம் ‘கலக்ஸி’. 1950இல் தொடங்கிய அந்தச் சஞ்சிகை, துப்பாக்கிச் சண்டையை விண்வெளிக்கு மாற்றி எழுதும் கதைகள் எங்களுக்கு வேண்டாம் என்று முதல் இதழிலேயே சொல்லிவிட்டது. அதன் ஆசிரியர் எச். எல். கோல்ட், போருக்குப் பிறகு வெளியே போகப் பயந்து, நியூயோர்க்கில் தன் வீட்டுக்குள் இருந்தபடியே அதை நடத்தியவர். நாலு சுவருக்குள் இருப்பவருக்கு அன்றாடப் பொருட்களும் ஒரு பிரபஞ்சம்தானே!

கதையில் ஒஸ்கார், ஃபேர்ட் என்று இரண்டு பேர் சேர்ந்து சைக்கிள் கடை நடத்துகிறார்கள். ஒஸ்கார் கலகலப்பான ஆள். ஃபேர்ட் வாசிக்கிறவர், யோசிக்கிறவர். தேடும்போது இல்லாத பின்கள் பிறகு நிறைய இருப்பதையும், அதன்பின் ஹேங்கர்கள் பெருகுவதையும் அவர்தான் கவனிக்கிறார். பூச்சிகள் இலைபோலவும் குச்சிபோலவும் வேஷம் போடுவதில்லையா? அதுபோல வேறேதோ உயிர் எங்கட பொருட்களாக வேஷம் போடுகிறதோ? பின் கூட்டுப்புழு, ஹேங்கர் புழு, சைக்கிள்தான் வளர்ந்த உயிர்! கடைசியில் ஃபேர்ட் கழுத்தில் ஹேங்கர் கம்பி சுற்றிச் செத்துக் கிடக்கிறார். ஒஸ்கார் கவலையில்லாமல் வியாபாரத்தைத் தொடர்கிறார்.

தலைப்பு, 1913இல் வந்த ஒரு ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலிருந்து எடுத்தது. அதில் நோயாளிபோல நடிக்கும் ஹோம்ஸ், இவ்வளவு பெருகும் சிப்பிகளால் கடல் ஏன் நிரம்பவில்லை என்று பிதற்றுவார். பிதற்றல்தான், ஆனால் நல்ல கேள்வி. பெருகுவதை ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்க வேண்டும் அல்லவா?

எங்களைப் பயப்படுத்தியது ஹேங்கர் இல்லை, ஒஸ்கார்தான். அவருக்கும் உண்மை தெரியும். ஆனால் அவர் அதைக் கேள்வியாக்கவில்லை, லாபமாக்கிவிட்டார். ஃபேர்ட் சொன்னபோது காது கொடுக்க ஆளில்லை. கவனிக்கிறவரைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட்டு, பழகிப்போனவர் நல்லா வாழ்கிற கதை இது. வரலாறு படிக்கிற எங்களுக்கு இது புதிதில்லை. பெரிய கேடுகள் பலதும் முதலில் யாரோ ஒருவருக்குச் சின்ன விஷயமாகத்தான் கண்ணில் பட்டிருக்கும்.

அடுத்த முறை “பின் எங்கேயடி போகுது?” என்று யாராவது கேட்டால், “சும்மா விடு” என்று சொல்ல முன்னம் ஒரு நிமிஷம் யோசிப்போம்.